டீசல் கார் கேள்வி-பதில்: காலையில் முரண்டு, நிறுத்தத்தில் குலுக்கல்

கேள்வி: என்னுடைய டீசல் கார் 2013-ஆம் ஆண்டில் வாங்கியது. 1248 சிசி காமன் ரெயில் எஞ்சின். இதுவரை 1,18,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. மூன்று மாதமாகக் காலையில் எட்டு, பத்து வினாடி செல்ஃப் அடித்தால்தான் ஸ்டார்ட் ஆகிறது. ஸ்டார்ட் ஆனதும் அரை நிமிடம் குலுங்கி, வெள்ளைப் புகை விட்டு, பிறகு சீராகிவிடுகிறது. நெடுந்தூரம் ஓட்டிவிட்டு டீக்கடையில் கால்மணி நேரம் நிறுத்தி எடுத்தாலும் செல்ஃப் நீளமாக அடிக்க வேண்டியிருக்கிறது. பேட்டரியையும் டீசல் ஃபில்டரையும் மாற்றினேன். ஃபில்டர் மாற்றிய பிறகு காலைத் தொல்லை கூடிவிட்டது. நான்கு இன்ஜெக்டரையும் மாற்ற அறுபதாயிரம் ரூபாய் ஆகும் என்று ஒர்க்‌ஷாப்பில் சொல்கிறார்கள். மாற்றிவிடலாமா?
– வாசகர், தாராபுரம்

பதில்: இப்போதைக்கு வேண்டாம். ஒரே கோளாறு என்று நீங்கள் நினைப்பது, இரண்டு மூன்று கோளாறுகள் ஒன்றாகச் சேர்ந்து நிற்பதாகவே எனக்குத் தோன்றுகிறது. காலையில் குளிர்ந்த எஞ்சின் முரண்டு பிடிப்பதற்கும், டீக்கடை வாசலில் சூடான எஞ்சின் முரண்டு பிடிப்பதற்கும் காரணம் பெரும்பாலும் வேறுவேறாக இருக்கும். அவற்றைப் பிரித்துப் பார்க்காமல், சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரில் கை வைத்தால், அறுபதாயிரம் செலவழித்த மறுநாள் காலையிலும் வண்டி அதே பத்து வினாடி கேட்கக்கூடும்.

முதலில் காலைத் தொல்லை. டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது; பிஸ்டன் காற்றை அழுத்துவதால் எழும் சூட்டிலேயே டீசல் பற்றுகிறது. காமன் ரெயில் எஞ்சினில், அதாவது பம்ப் அழுத்தி அனுப்பும் டீசல் ரெயில் என்ற ஒரே பொதுக் குழாயில் சேர்ந்து அங்கிருந்து எல்லா இன்ஜெக்டர்களுக்கும் போகும் எஞ்சினில், இதற்கு முன்பே ஒரு நிபந்தனை உண்டு. செல்ஃப் அடிக்கும்போது ரெயில் குழாயில் அழுத்தம் ஏறத்தாழ 200 பாரைத் (பார் என்பது அழுத்தத்தின் அலகு) தாண்டினால்தான் எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி இன்ஜெக்டர்களைத் திறக்க அனுமதிக்கும். அந்த அளவு எஞ்சினுக்கு எஞ்சின் சற்று மாறும். நல்ல நிலையில் உள்ள வண்டியில் இந்த அழுத்தம் ஓரிரு வினாடிகளில் வந்துவிடும். குழாயில் காற்று புகுந்திருந்தாலோ, இரவில் டீசல் பின்வாங்கி டாங்க்கிற்குப் போயிருந்தாலோ, பம்ப் அந்தக் காற்றைத் தள்ளி முடிக்கும் வரை நீங்கள் செல்ஃப் அடித்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். ஃபில்டர் மாற்றிய பிறகு தொல்லை கூடியது என்று எழுதியிருக்கிறீர்களே, உங்கள் கடிதத்திலேயே மிகவும் பயனுள்ள வரி அதுதான். ஃபில்டரின் ரப்பர் வளையம் சரியாக அமராமலோ, குழாய்களை இணைக்கும் பிளாஸ்டிக் கிளிப் கழற்றும்போது விரிசல் விட்டோ இருக்கலாம். அத்தகைய இடத்தில் டீசல் வெளியே கசியாது. காற்று மட்டும் உள்ளே போகும். எனவே தரையில் சொட்டு இல்லை என்பதை வைத்து அந்த இணைப்பு நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்ட முடியாது.

இதைச் செலவில்லாமல் சோதிக்க இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, ஓர் இரவு வண்டியின் முகம் தாழ்ந்தும் டாங்க் இருக்கும் பின்பகுதி உயர்ந்தும் இருக்குமாறு சரிவில் நிறுத்திப் பாருங்கள். மறுநாள் காலையில் உடனே ஸ்டார்ட் ஆனால் டீசல் பின்வாங்குகிறது என்று பொருள். மற்றொன்று, ஃபில்டர் மேல் கையால் அழுத்தும் பிரைமர் உங்கள் வண்டியில் இருந்தால், செல்ஃப் அடிப்பதற்கு முன் அது கெட்டியாகும் வரை அழுத்துங்கள். பிறகு சாவியைத் திருப்பியவுடன் எஞ்சின் பிடித்துக்கொண்டால் சந்தேகம் தீர்ந்தது. ஃபில்டருக்கும் பம்ப்புக்கும் நடுவே சிறிது நேரம் டீசல் தாங்கும் கண்ணாடி போன்ற குழாயைப் பொருத்தினால் காற்றுக்குமிழ் ஓடுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். நல்ல மெக்கானிக் எவரிடமும் அந்தக் குழாய் ஒரு துண்டு இருக்கும்.

வெள்ளைப் புகையும் அரை நிமிடக் குலுக்கலும் வேறொன்றைச் சொல்கின்றன. அந்தப் புகையில் எரியாத டீசல் வாடை அடித்தால், ஒன்றோ இரண்டோ சிலிண்டரில் டீசல் போகிறது, பற்றவில்லை. நம் ஊர் ஒர்க்‌ஷாப்புகளில் ஹீட்டர் பிளக் என்று சொல்லும், குளிர்ந்த சிலிண்டரைச் சூடாக்கும் குளோ பிளக்குகளில் சில செத்திருப்பது இதற்குப் பொதுவான காரணம். சமவெளி வெப்பத்தில் ஒன்றிரண்டு செத்திருந்தாலும் வண்டி எப்படியோ ஸ்டார்ட் ஆகிவிடுவதால் ஆண்டுக்கணக்கில் யாரும் கவனிப்பதில்லை. மார்கழியில் ஊட்டிக்குப் போய் ஓர் இரவு தங்கும்போதுதான் குட்டு வெளிப்படும். பிளக்கின் ஒயரைக் கழற்றிவிட்டு மல்டிமீட்டரில் பார்த்தால், நல்ல பிளக் ஓர் ஓம் அளவையொட்டியோ அதற்குக் குறைவாகவோ காட்டும், எரிந்துபோனது எதையும் காட்டாது. ஆனால் பழைய பிளக்கைக் கழற்றும்போது அவசரப்படக் கூடாது. கரி பிடித்து இறுகிய பிளக் உடைந்து, சிலிண்டர்களை மேலே மூடும் ஹெட்டுக்குள்ளேயே தங்கிவிட்டால், சில நூறு ரூபாய் வேலை ஹெட்டைக் கழற்றும் வேலையாக மாறிவிடும். முதல் நாளே துரு இளக்கும் எண்ணெய் விட்டு, எஞ்சின் வெதுவெதுப்பாக இருக்கும்போது மெல்லத் திருப்பச் சொல்லுங்கள்.

அடுத்தது டீக்கடைத் தொல்லை. இன்ஜெக்டர் மீது எனக்குச் சந்தேகம் வருவது இங்கேதான். சூடான டீசல் நீர்த்துப்போவதால், தேய்ந்த இன்ஜெக்டரின் உள்வால்வு வழியாக அது எளிதாக நழுவி, மிச்ச டீசலை டாங்க்கிற்குத் திருப்பும் ரிட்டர்ன் குழாய்க்குப் போய்விடுகிறது. அதனால் ரெயிலில் அழுத்தம் ஏறத் தாமதமாகிறது. தேய்ந்த உயர் அழுத்த பம்ப்பும் இதே அடையாளத்தைக் காட்டும். எது என்று அறிய ரிட்டர்ன் சோதனை இருக்கிறது. நான்கு இன்ஜெக்டர்களின் ரிட்டர்ன் வாய்களிலும் தனித்தனிக் குழாய் மாட்டி, அளவுக்கோடு போட்ட நான்கு பாட்டில்களில் விட்டு, சூடான எஞ்சினைச் சில நிமிடங்கள் ஐட்லிங்கில் ஓட விட வேண்டும். நான்கிலும் ஏறத்தாழ ஒரே மட்டம் இருந்து, அதுவும் குறைவாக இருந்தால் இன்ஜெக்டர்கள் மேல் பழி இல்லை. பம்ப்பையும் ரெயிலின் அழுத்த வால்வையும் பார்க்க வேண்டும். ஒரு பாட்டிலில் மட்டும் மற்றவற்றைப் போல இரண்டு மூன்று மடங்கு நிறைந்திருந்தால் குற்றவாளி அந்த ஒன்றுதான், நான்கும் அல்ல. இந்தச் சோதனையைச் செய்யாமலே நான்கையும் மாற்றச் சொல்பவரிடம் வண்டியை விட எனக்கு மனம் வராது.

ஸ்கேனரிலும் ஒன்றைப் பார்க்கச் சொல்லுங்கள். ஐட்லிங்கில் எந்தச் சிலிண்டர் சோம்புகிறது என்பதைக் கிராங்க் சுழலும் வேகத்திலிருந்து கணித்து, அந்தச் சிலிண்டருக்குக் கணினி சிறிது கூடுதல் டீசல் கொடுக்கும். இந்தத் திருத்த அளவு நான்கு சிலிண்டர்களுக்கும் தனித்தனியே திரையில் வரும். பூஜ்யத்தையொட்டி இருந்தால் நல்லது. ஒன்று மட்டும் எட்டி நின்றால் அங்கேதான் கோளாறு. எனினும் அது இன்ஜெக்டராலும் வரலாம், சிலிண்டரில் காற்று அழுந்தும் அளவான கம்ப்ரஷன் குறைவாலும் வரலாம். சந்தேகப்படும் இன்ஜெக்டரைப் பக்கத்துச் சிலிண்டரில் மாற்றிப் போட்டால் தெரிந்துவிடும்: கோளாறு இன்ஜெக்டரோடு நகர்ந்தால் இன்ஜெக்டர், பழைய சிலிண்டரிலேயே நின்றால் வால்வோ பிஸ்டன் வளையமோ. மாற்றும்போது அடியில் இருக்கும் செப்பு வாஷர் புதிதாகப் போட வேண்டும். இன்ஜெக்டரின் தலையில் பொறித்த குறியீடு இருந்தால் அதையும் கணினியில் திருத்த வேண்டும். குறியீட்டை ஏற்றாமல் விட்டு, புது இன்ஜெக்டர் போட்டும் குலுக்கல் நிற்கவில்லை என்று வருந்துபவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஓர் எச்சரிக்கை. 1998-இல் வந்த இண்டிகா போன்ற பழைய டீசல் வண்டிகளில் எஞ்சின் ஓடும்போதே ஒவ்வொரு இன்ஜெக்டர் குழாயின் நட்டையும் தளர்த்தி, எந்தச் சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று கண்டுபிடிப்பது வழக்கம். அந்தப் பழக்கத்தில் காமன் ரெயில் எஞ்சினைத் தொடக் கூடாது. ஐட்லிங்கிலேயே 250, 300 பார் அழுத்தம் இருக்கும். வேகமெடுக்கையில் 1,600 பார் வரை போகும். கார் டயரில் இருப்பது இரண்டு பார்தான். அந்த அழுத்தத்தில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்துச் சதைக்குள் போய்விடும். வெளியே ஊசி குத்திய தடம் மட்டுமே தெரிந்தாலும் விரலையே எடுக்க வேண்டிய அளவுக்கு ஆபத்தானது. சிலிண்டரை நிறுத்திப் பார்க்க வேண்டுமானால் ஸ்கேனர் வழியாகவே செய்யட்டும்.

பேட்டரி புதியது என்றீர்கள். எஞ்சினுக்கும் பாடிக்கும் உள்ள எர்த் ஒயரைப் பார்த்தார்களா? செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி முனைகளில் 10 வோல்ட்டுக்கு மேல் நின்றும் எஞ்சின் மெதுவாகவே சுழன்றால், அந்த ஒயரையோ செல்ஃப் மோட்டாரையோ கவனிக்க வேண்டும்.

கேள்வி: எனது டீசல் செடானில் ஸ்டார்ட்டிங் பிரச்சினை எதுவும் இல்லை. சிக்னலில் நிற்கும்போது, ஏ.சி. ஓடினால், ஸ்டீயரிங்கும் கண்ணாடியும் அதிர்கின்றன. ஸ்கேனரில் எந்தப் பிழையும் வரவில்லை.
– வாசகர், திருநெல்வேலி

பதில்: எஞ்சின் சரியாகவே எரிந்துகொண்டிருக்கலாம், அதைத் தாங்கும் மவுண்டிங் ரப்பர் உட்கார்ந்திருக்கலாம். நியூட்ரலில் ஆக்சிலரேட்டரைச் சற்றே மிதித்து 1,000 சுற்றுக்குக் கொண்டுவந்ததும் அதிர்வு மறைந்து, எஞ்சின் சத்தமும் சீராக இருந்தால் மவுண்டிங்கை முதலில் பாருங்கள். கிளட்சை மிதித்தால் அதிர்வின் தன்மை மாறுகிறதென்றால், கிளட்சை ஒட்டியுள்ள கனச் சக்கரமான ஃபிளைவீல் பக்கம் போக வேண்டும். இவற்றோடு கருப்புப் புகையும் இழுவைக் குறைவும் சேர்ந்திருந்தால், புகையின் ஒரு பகுதியை மீண்டும் எஞ்சினுக்குள் அனுப்பும் இ.ஜி.ஆர். வால்வு கரி படிந்து முழுதாக மூடவில்லை என்று சந்தேகிக்கலாம். அதைக் கழற்றிச் சுத்தம் செய்வது பெரிய வேலையன்று. தகடு வைத்து நிரந்தரமாக அடைத்துவிடும் யோசனையை மட்டும் ஏற்காதீர்கள். அது மாசு விதிக்கு முரணானது.

கேள்வி: மழை நாளில் டீசல் போட்டேன். பத்துக் கிலோமீட்டர் போனதும் வண்டி திணறி நின்றுவிட்டது. தண்ணீர் கலந்திருக்குமா? எப்படித் தெரிந்துகொள்வது?
– வாசகர், சீர்காழி

பதில்: முதலில் செல்ஃப் அடிப்பதை நிறுத்துங்கள். உயர் அழுத்த பம்ப்புக்கும் இன்ஜெக்டருக்கும் டீசலேதான் உயவு எண்ணெய். தண்ணீர் புகுந்த நிலையில் சுற்றவிட்டால் உலோகத்தில் கீறல் விழும். ஃபில்டரின் அடியிலுள்ள வடிகுழாய்த் திருகைத் திறந்து, வருவதைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்து அரைமணி நேரம் அசையாமல் வையுங்கள். டீசல் தண்ணீரைவிட இலேசானது. எனவே தண்ணீர் அடியில் தனியாகத் தங்கி, நடுவே கோடு தெரியும். கோடு தெரிந்தால் டாங்க்கைக் காலி செய்து, ஃபில்டரை மாற்றி, அதன் பிறகே ஸ்டார்ட் செய்ய வேண்டும். அந்தப் பாட்டிலையும் பங்க் பில்லையும் பத்திரமாக வைத்திருங்கள். புகார் கொடுக்க உங்களிடம் இருக்கும் சான்று அவைதான்.

கேள்வி: ஸ்டார்ட் ஆகாத டீசல் வண்டிக்குக் காற்று வாங்கும் குழாயில் ஈதர் ஸ்பிரே அடித்து ஸ்டார்ட் செய்யலாமா?
– வாசகர், ஏற்காடு

பதில்: கூடாது. ஹீட்டர் பிளக் சூட்டில் சிவந்திருக்கும் எஞ்சினில் ஈதர் நேரம் பார்க்காமல் வெடிக்கும். பிஸ்டன் வளையமும், அது உட்காரும் விளிம்பும் உடைவது உண்டு. அந்தக் காசில் நான்கு பிளக்குகளையும் சோதித்துவிடலாம்.