பருவநிலை மாறும்போது பறவைகளுக்கு ஏன் காலம் தப்புகிறது?

ஒன்றை நம்பி இன்னொன்று வாழும் இரண்டு உயிர்களின் நாட்காட்டிகள் விலகிப்போவதைத்தான் சூழலியலில் ‘பருவப் பொருத்தமின்மை’ என்கிறார்கள்.

இரண்டும் வெவ்வேறு கடிகாரங்களைப் பார்ப்பதே காரணம். ஐரோப்பாவில் ஓக் மரம் துளிர்ப்பதும், தளிரைத் தின்னும் புழுக்கள் பொரிப்பதும் பெரிதும் வெப்பத்தைப் பொறுத்தவை. வசந்தம் முந்தினால் அவையும் முந்தும். மேற்கு ஆப்பிரிக்காவில் குளிர்காலத்தைக் கழித்துவிட்டு, ஐரோப்பியக் காடுகளுக்கு வந்து குஞ்சுகளுக்கு இப்புழுக்களை ஊட்டும் கருப்பு வெள்ளை ஈப்பிடிப்பான் என்ற பறவையோ பகலின் நீளத்தை வைத்துக் கிளம்புகிறது. புவி எவ்வளவு சூடானாலும் பகலின் நீளம் மாறாது. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளியிருக்கும் காடு துளிர்த்துவிட்டதை அதற்கு யார் சொல்வது?

பேருந்து நேரத்தை அரை மணி முன்னால் மாற்றியது தெரியாமல், பழைய நேரத்துக்கே சரியாக வந்து நிற்கும் பயணியின் நிலைதான். பறவையிடம் தவறே இல்லை. அதுதான் மனதை வருத்துகிறது. நெதர்லாந்தில் புழுக்கள் மிக முன்கூட்டியே பெருகும் காடுகளில் இப்பறவைகள் சுமார் 20 ஆண்டுகளில் ஏறக்குறைய 90 சதவீதம் குறைந்ததை 2006இல் வெளியான ஆய்வு காட்டியது.

வெயில் தாங்காமல்தான் இவை அழிகின்றன என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் குஞ்சுகள் வாய் பிளந்து காத்திருக்கும் அந்தச் சில நாட்களில் ஊட்டப் போதிய புழு இல்லை.