கார் கதவு ரப்பர் காய்ந்துவிட்டால் என்ன தடவலாம், என்ன தடவக்கூடாது?

"ஏழெட்டு வருடக் கார். கதவு ரப்பர் வெளுத்து விறைத்துவிட்டது, மழையில் கால்மிதி நனைகிறது. தேங்காய் எண்ணெய் தடவினால் சரியாகுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

தடவாதீர்கள். வாசலின், டீசல், வண்டி கிரீஸ் எதுவும் வேண்டாம். இப்போதைய கார்களில் கதவைச் சுற்றி ஓடும் பீடிங் பெரும்பாலும் ஈபிடிஎம் என்ற செயற்கை ரப்பர். இயற்கை ரப்பரின் மூலக்கூறுச் சங்கிலியில் நெடுகிலும் இரட்டைப் பிணைப்புகள் உண்டு. காற்றிலுள்ள ஓசோன் அவற்றைத் தாக்கித்தான் வெடிப்பு விழுகிறது. ஈபிடிஎம்மின் முதன்மைச் சங்கிலியில் அந்தப் பிணைப்புகள் கிடையாது. அதனால் நம் வெயிலைப் பல வருடம் தாங்கும். ஆனால் பெட்ரோலிய எண்ணெய் அதற்கு ஆகாது. உறிஞ்சி உப்பும், பிறகு தொளதொளத்துப்போகும். தடவிய அன்று கருகருவென்று மின்னுவதை நம்பிவிடக் கூடாது. தேங்காய் எண்ணெய் டீசல் அளவுக்குக் கெடுதல் இல்லைதான். ஆனாலும் பிசுபிசுத்துப் புழுதியை இழுத்து வைத்துக்கொள்ளும், அந்த மண் கதவு மூடும் ஒவ்வொரு முறையும் ரப்பரை அராவும். இந்த ரப்பரோடு ஒத்துப்போவது சிலிகான்.

அதை வாங்குவதற்கு முன்னால், தண்ணீர் ரப்பர் வழியாகத்தான் வருகிறதா என்று பாருங்கள். இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம், நல்ல பீடிங்கைக் கழற்றி எறிந்துவிட்டு அடுத்த மழையிலும் நனைந்த காரோடு நிற்பவர்கள் நிறைய. கதவுக் கண்ணாடியில் வழியும் மழைநீர் கதவுக்குள்ளே இறங்குவது இயல்பு. கதவின் அடி விளிம்பில் உள்ள சிறு துளைகள் வழியாக அது வெளியேறிவிடும். அந்தத் துளைகளில் மண் அடைத்தால் தண்ணீர் உள்ளேயே தேங்கும், கதவைத் திறந்து மூடும்போது சளசளவென்று கேட்கும். கதவின் உட்புறத் தகட்டில் ஒரு பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கும். ஸ்பீக்கர் மாற்றவோ பவர் விண்டோ பழுது பார்க்கவோ கதவைப் பிரித்தவர் அதைச் சரியாக ஒட்டாமல் விட்டிருந்தால், தண்ணீர் நேராகக் கால்மிதிக்கு வரும். மழையே இல்லாமல் முன்பக்கம் நனைந்தால் ஏசி தண்ணீர் வெளியேறும் குழாய் அடைத்திருக்கலாம். இவை எதற்கும் பீடிங் பொறுப்பில்லை.

பீடிங்கைச் சோதிக்க ஒரு துண்டுத் தாள் போதும். தாளை இடையில் வைத்துக் கதவை மூடி மெல்ல இழுங்கள். இறுக்கமாக வந்தால் அந்த இடம் நன்றாக இருக்கிறது. வழுக்கிக்கொண்டு வந்தால் அங்கே அழுத்தம் இல்லை. கதவைச் சுற்றி ஒவ்வொரு சாணுக்கும் இப்படிப் பாருங்கள். ஒரு பக்கம் முழுக்கத் தளர்ந்து மறுபக்கம் இறுகியிருந்தால் கதவு கீல் இறங்கியிருக்கலாம், அது ஒர்க்‌ஷாப் வேலை.

ரப்பர்தான் காரணம் என்று தெரிந்தால், முதல் வேலை கழுவுவது. கார் ஷாம்பு கலந்த தண்ணீரில் துணியை நனைத்து, கறுப்பு அழுக்கு வருவது நிற்கும்வரை துடையுங்கள். மடிப்புகளுக்குப் பழைய பல் துலக்கும் பிரஷ். வெளுத்தது என்று நினைத்ததில் பெரும்பகுதி காய்ந்த அழுக்காக இருக்கும்.

நன்றாக உலர்ந்த பின் சிலிகான் கிரீஸைத் துணியில் கொஞ்சம் எடுத்துத் தேய்த்து, மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். பெட்ரோலியக் கரைப்பான் சேராத சிலிகான் ஸ்ப்ரேயும் நல்லதுதான், ஆனால் காரின் மேல் நேராக அடிக்காமல் துணியில் அடித்துத் தடவுங்கள். பெயிண்டில் சிலிகான் படிந்தால், பின்னால் அந்த இடத்தில் பெயிண்ட் அடிக்கும்போது குழிகுழியாக வரும். கண்ணாடி ஏறி இறங்கும் ரப்பர் தடத்தில் கிரீஸ் வேண்டவே வேண்டாம். மண் ஒட்டிக் கண்ணாடியில் கோடு விழும். அங்கே உலர்ந்து படியும் சிலிகான் ஸ்ப்ரே மட்டும்.

நசுங்கிப்போன இடத்தை ஓரளவு மீட்கலாம். பீடிங்கின் உள்ளே காற்றுக்கூடு உண்டு, அதுதான் கதவை அணைத்து நிற்பது. தலைமுடி உலர்த்தும் டிரையரை ஒரே இடத்தில் நிறுத்தாமல் நகர்த்திச் சூடேற்றினால் கொஞ்சம் எழும்பி வரும். பல கார்களில் பீடிங் பசையில்லாமல், தகட்டு விளிம்பில் செருகியபடியே நிற்கும். அது தளர்ந்திருந்தால் கழற்றி, உள்ளே இருக்கும் உலோகப் பிடியைக் கொறடால் லேசாக நெருக்கி, மூலைகளில் ஆரம்பித்து மறுபடி பொருத்துங்கள். இழுத்துப் பொருத்தாதீர்கள், இழுத்த ரப்பர் பின்னால் சுருங்கி இணைப்பில் இடைவெளி விடும்.

வெடித்ததையும் கிழிந்ததையும் எந்தக் கிரீஸும் ஒட்டவைக்காது, மாற்றத்தான் வேண்டும். கடையில் மீட்டர் கணக்கில் விற்கும் பீடிங் விலை குறைவு. ஆனால் அந்தக் காற்றுக்கூட்டின் பருமன் மாறினால் கதவை ஓங்கி அறைந்துதான் மூட வேண்டிவரும், அல்லது மூடியும் தண்ணீர் வரும். சேசிஸ் எண்ணைச் சொல்லி உங்கள் மாடலுக்கு உரியதையே கேளுங்கள்.

பராமரிப்பு என்றால் வருடத்தில் இரண்டு தடவை சிலிகான் போதும்: அக்னி நட்சத்திரத்துக்கு முன் ஒன்று, ஐப்பசி மழைக்கு முன் ஒன்று. கடலோரத்தில் இருப்பவர்கள் இடையிடையே நல்ல தண்ணீரில் பீடிங்கைத் துடைத்துவிடுங்கள், உப்பு ரப்பருக்கு அடியில் உள்ள தகட்டைத்தான் முதலில் அரிக்கும்.