"மரைக்காயர்" பட்டியலில் இல்லை என்றார்களா?

அஸ்ஸலாமு அலைக்கும் காக்கா. மரைக்காயர் என்று தமிழ்நாட்டின் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் தனிப்பெயர் இல்லை எனச் சொல்லி, கீழக்கரையில் உங்கள் மகளின் சாதிச் சான்றிதழ் மனுவைத் திருப்பிவிட்டதாக எழுதியிருந்தீர்கள். படித்ததும் மனசு கஷ்டமாகிவிட்டது.

தனிப்பெயர் இல்லைதான். ஆனால் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம் பட்டியலில் 'லப்பை' என்ற வரியை முழுசாகப் படிக்கச் சொல்லுங்கள். ராவுத்தரும் மரைக்காயரும் அதற்குள்ளேயே வருகிறார்கள், பேசுவது தமிழானாலும் உருதுவானாலும். பிற்படுத்தப்பட்டோரின் 30 சதவீத இடஒதுக்கீட்டுக்குள் 3.5 சதவீதம் 2007இல் நமக்கென்று தனியாக ஒதுக்கப்பட்டது. சான்றிதழில் பிரிவு சரியாக இல்லையென்றால் அந்த இடம் கைநழுவிப் போகும்.

என் தங்கைக்கும் இதேதான் நடந்தது. பள்ளி மாற்றுச் சான்றிதழில் சாதி என்ற இடத்தில் நீல மையில் 'இஸ்லாம்' என்று ஒரே சொல். வாப்பாவின் பழைய சான்றிதழ், ஓரம் செல்லரித்தது, அதில் லப்பை என்று இருந்தது. அதுதான் காப்பாற்றியது. உங்களிடமோ கூடப்பிறந்தவர்களிடமோ அப்படி ஒன்று இருந்தால், பட்டியலின் நகலோடு சேர்த்து இ-சேவை மையத்தில் மறுபடி விண்ணப்பியுங்கள். அப்புறமும் மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள், வாய்ச்சொல்லோடு திரும்பாதீர்கள். கலந்தாய்வுக்கு முன் சான்றிதழ் கையில் இருக்க வேண்டும், திங்கட்கிழமையே போங்கள் காக்கா.