முதலில் லாக்கர் வாங்குங்கள், துப்பாக்கி அப்புறம்

கேள்வி: டெக்சாஸில், டாலஸ் பக்கம் கேஸ் ஸ்டேஷன் கடை நடத்துகிறேன். கிரீன் கார்டு இருக்கிறது. இரவில் கடையை அடைத்துவிட்டுப் பணத்தோடு தனியாக வருகிறேன். கைத்துப்பாக்கி ஒன்று வாங்கி, வெளியே தெரியாமல் இடுப்பில் வைத்துக்கொள்ள நினைக்கிறேன். இங்கே லைசென்ஸே வேண்டாம் என்கிறார்களே, உண்மையா? வீட்டில் 6 வயது மகள் இருக்கிறாள். எச்1பி விசாவில் இருக்கும் தம்பியும் எங்களோடுதான் தங்கியிருக்கிறான்.

பதில்: உண்மைதான். 2021 செப்டம்பர் 1 முதல், 21 வயது நிரம்பி, துப்பாக்கி வைத்திருக்கச் சட்டத் தடை எதுவும் இல்லாதவர் டெக்சாஸில் லைசென்ஸ் இல்லாமலே கைத்துப்பாக்கியை மறைத்து எடுத்துப் போகலாம். இருந்தாலும் நீங்கள் லைசென்ஸ் எடுங்கள். மகளைப் பள்ளியில் விடப் போகிறவர் என்றால் யோசிக்கவே வேண்டாம். பள்ளியிலிருந்து 1,000 அடிக்குள் துப்பாக்கியோடு போவதை மத்திய அரசின் சட்டம் தடுக்கிறது. மாநில லைசென்ஸ் வைத்திருப்பவருக்கு அதில் விலக்கு உண்டு. அது இல்லாவிட்டால், தோட்டாவை எடுத்துவிட்டுப் பூட்டிய பெட்டியில் வைத்துத்தான் அந்தத் தெருவைத் தாண்ட வேண்டும். தினமும் காலையில் யாரால் முடியும்? லைசென்ஸ் இருந்தாலும் பள்ளிக் கட்டடத்துக்குள் கொண்டுபோகக் கூடாது. நீதிமன்றம், வாக்குச்சாவடி, வாசலில் சிவப்பில் 51% என்று பலகை வைத்த (அதாவது பாதிக்கு மேல் வருமானம் அங்கே குடிக்க விற்கும் மதுவிலிருந்தே வருகிற) மதுக்கூடம் எல்லாமே அப்படித்தான்.

லைசென்ஸுக்கு 4 முதல் 6 மணி நேர வகுப்பு, ஓர் எழுத்துத் தேர்வு. அப்புறம் 3, 7, 15 கஜ தூரங்களிலிருந்து 50 தோட்டா சுட்டு, 250-க்கு 175 வாங்க வேண்டும். கொஞ்சம் பழகினால் வந்துவிடும். ஆனால் துப்பாக்கியை இடுப்பிலிருந்து எடுப்பதும் திரும்ப வைப்பதும் அந்தத் தேர்வில் கிடையாது. தன் காலிலேயே சுட்டுக்கொள்கிற விபத்து பெரும்பாலும் திரும்ப வைக்கும்போதுதான் நடக்கிறது.

அந்த நொடியைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். ஹோல்ஸ்டரின், அதாவது இடுப்பில் மாட்டும் துப்பாக்கி உறையின், வாய்க்குள் சட்டை நுனி மடங்கிக் கிடக்கிறது. அல்லது ஜாக்கெட்டின் சுருக்குக் கயிறு தொங்குகிறது. துப்பாக்கி உள்ளே இறங்க இறங்க, அந்தத் துணியோ கயிறோ ட்ரிகரை (சுடும் விசையை) பின்னுக்கு இழுக்கிறது. விரல் படாமலேயே வெடித்துவிடும். அதனால் இடது கையால் சட்டையை நெஞ்சு வரை தூக்குங்கள், ஹோல்ஸ்டரைக் கண்ணால் பாருங்கள், ஆள்காட்டி விரலை ட்ரிகருக்கு வெளியே நீட்டி வைத்துக்கொண்டு மெதுவாக இறக்குங்கள். லேசாகத் தடுத்தாலும் அழுத்தாதீர்கள். வெளியே எடுத்து என்னவென்று பாருங்கள். வேகமாக வைத்ததற்கு யாரும் பரிசு தரப்போவதில்லை.

ஹோல்ஸ்டர் ட்ரிகரை முழுதாக மூட வேண்டும், துப்பாக்கியை எடுத்த பிறகும் அதன் வாய் திறந்தே நிற்க வேண்டும். கைடெக்ஸ் என்கிற கெட்டிப் பிளாஸ்டிக்கில் செய்தது நல்லது. தொளதொளத்த துணி ஹோல்ஸ்டர் வேண்டாம். பெல்ட்டும் விறைப்பாக இருக்கட்டும். வீட்டில் தோட்டா இல்லாமல் பழகுங்கள். ஆனால் தோட்டா அடுக்கும் மேகசினைக் கழற்றினால் மட்டும் போதாது. சேம்பரில், அதாவது குழலின் பின்முனையில் சுடத் தயாராகத் தோட்டா உட்காரும் இடத்தில், ஒரு தோட்டா தங்கியிருக்கலாம். கண்ணால் பார்த்து, விரல் விட்டுத் தடவி, தோட்டாக்களை எல்லாம் வேறு அறையில் வைத்த பிறகு ஆரம்பியுங்கள்.

பையில் வைத்துக்கொள்கிற எண்ணமே வேண்டாம். 2014 டிசம்பரில் ஐடஹோ மாநிலத்தில் ஒரு தாயின் கைப்பையிலிருந்து அவருடைய 2 வயதுக் குழந்தை துப்பாக்கியை எடுத்தது. கடையில் பொருள் வாங்கிக்கொண்டிருந்த அந்தத் தாய் அங்கேயே இறந்துபோனார். துப்பாக்கி வைப்பதற்கென்றே தைத்த பை அது. இதை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும்.

உங்கள் வீட்டிலும் ஒரு குழந்தை இருக்கிறது. ஆகவே துப்பாக்கி இருக்க வேண்டிய இடம் இரண்டே இரண்டு: உங்கள் இடுப்பு அல்லது பூட்டிய லாக்கர். அலமாரி மேல்தட்டு, தலையணை அடி, கார் டேஷ்போர்டு எதுவும் கணக்கில் சேராது. 17 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளை கையில் அது கிடைக்கும்படி அஜாக்கிரதையாக விட்டால் டெக்சாஸ் சட்டப்படி நீங்கள் குற்றவாளி. வீட்டுக்கு வந்ததும் ஹோல்ஸ்டரோடு சேர்த்துக் கழற்றி லாக்கரில் வைத்துவிடுங்கள். தனியாக உருவவே வேண்டாம்.

குடிக்கிற நாளில் துப்பாக்கி வெளியே வரக் கூடாது. இரவில் யாராவது வழிமறித்துப் பணப்பையைக் கேட்டால் கொடுத்துவிடுங்கள். போன பணத்தைச் சம்பாதித்துக்கொள்ளலாம். உயிருக்கு ஆபத்து, வேறு வழியே இல்லை என்றால் மட்டும்தான் அதைத் தொட வேண்டும்.

தம்பி விஷயம் சின்னதாகத் தெரியும், சின்னதில்லை. எச்1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது பொதுவாக மத்திய அரசின் சட்டப்படி குற்றம். வேட்டை லைசென்ஸ் போன்ற சில விலக்குகள் உண்டு. வழக்கறிஞரைக் கேட்காமல் அதை நம்பி இறங்க வேண்டாம். "கொஞ்சம் பிடி" என்று அவன் கையில் கொடுக்காதீர்கள், அவன் காரில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். லாக்கர் எண்ணையும் அவனிடம் சொல்லாதீர்கள்.