தோப்பில் கிடைத்த டைபீரியஸ் காசு

ஐயா, வணக்கம். கொழிஞ்சாம்பாறையில் இருக்கிறேன். பழங்காசு சேர்க்க ஆசை. வேலந்தாவளம் பக்கம் ஒருவர் ரோமானிய வெள்ளிக்காசு ஒன்றை விலைக்குத் தருகிறார். ரோமப் பேரரசர் டைபீரியஸின் தலை இருக்கிறது. தென்னைக்குக் குழி எடுத்தபோது கிடைத்ததாம். அசலா என்று வீட்டிலேயே பார்க்க முடியுமா? கறுத்திருக்கிறது, புளி போட்டுத் தேய்க்கலாமா?
– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

புளியை அந்தக் காசின் பக்கமே கொண்டுபோகாதீர்கள். பழைய வெள்ளியில் படியும் கறுப்பு பெரும்பாலும் சல்பைடு. தேய்த்தால் அதோடு எழுத்தின் விளிம்பும் போய்விடும். மண் ஒட்டியிருந்தால் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில் ஒருநாள் ஊறப்போடுங்கள், போதும்.

இனி சோதனை. அது தினாரியஸ் எனும் ரோமானிய வெள்ளிக்காசு என்றால் குறுக்களவு 18, 19 மி.மீ., எடை 3.5 முதல் 3.9 கிராம் வரை இருக்கவேண்டும். 0.01 கிராம் காட்டும் தராசில் முதலில் காசை மட்டும் நிறுத்துக்கொள்ளுங்கள். பிறகு ஒரு சின்னக் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றித் தராசின் மேல் வைத்து, தராசைப் பூஜ்யமாக்கி, காசை மெல்லிய நூலில் கட்டி, முழுக்க முங்கும்படி, அடியில் படாமல் தொங்கவிடுங்கள். 3.80 கிராம் காசுக்குத் தராசு 0.36 அல்லது 0.37 காட்டினால் நல்ல வெள்ளி. 0.42 காட்டினால் உள்ளே செம்பு. காற்றுக்குமிழி ஒன்று ஒட்டியிருந்தாலும் கணக்குத் தப்பும். நூலைத் தட்டி உதிர்த்துவிட்டுப் பாருங்கள்.

எடை தேறினாலும் நம்பிவிடாதீர்கள். போலியையும் வெள்ளியில் செய்கிறார்கள். பத்து மடங்கு லென்ஸில் விளிம்பைச் சுற்றிப் பாருங்கள்: அச்சு இணைந்த கோடோ, அதை அரத்தால் ராவிய தடமோ தெரிந்தால் வார்ப்புக்காசு. எழுத்து மழுங்கி, பரப்பில் ஊசிமுனைத் துளைகள் இருந்தாலும் அதுவே. அவரிடம் இன்னொரு காசு இருந்தால், ஒரே கீறல் ஒரே இடத்தில் இரண்டிலும் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் இரண்டும் ஒரே அச்சில் வார்த்த போலி.

வெள்ளலூர், பொள்ளாச்சி, திருச்சூர்ப் பக்கம் எய்யால் என்று பாலக்காட்டுக் கணவாயின் இருபுறமும் ரோமானியக் காசுகள் கிடைத்திருக்கின்றன. தென்னிந்தியாவில் கிடைத்த வெள்ளிக்காசுகளில் அகஸ்டஸ், டைபீரியஸ் காலத்தவையே மிகுதி. பின்னால் வந்த பேரரசன் நீரோ கி.பி. 64ஆம் ஆண்டுவாக்கில் காசின் எடையையும் வெள்ளியையும் குறைத்தான். அதற்கு முந்தைய காசுக்குத்தான் அன்று இங்கே மதிப்பு இருந்தது. அதனால் உங்கள் ஊரில் டைபீரியஸ் கிடைத்தது என்றால் யாரும் நம்புவார்கள். போலி விற்பவருக்கும் அது தெரியும்.

அவர் சொல்வது பொய்யென்றால் காசும் பெரும்பாலும் பொய். மெய்யென்றால் அது விற்கக்கூடிய பொருளே அல்ல. கேரளத்தில் 1968ஆம் ஆண்டுப் புதையல் சட்டம், எல்லைக்கு இந்தப் பக்கம் தமிழ்நாட்டில் 1878ஆம் ஆண்டுச் சட்டம். இரண்டிலும் கலெக்டருக்குத் தெரிவித்தாக வேண்டும். இரண்டு வகையிலும் நீங்கள் வாங்கக் கூடாது என்பதே என் கருத்து. சேர்க்க வேண்டுமானால் உரிமம் உள்ள விற்பனையாளரிடம் ரசீதோடு வாங்குங்கள். மெத்தென்ற பிவிசி பிளாஸ்டிக் உறையில் போடாதீர்கள், பச்சையாகக் கசிந்து காசை அரிக்கும்.

அவரைப் பார்த்தால் விலை பேசாமல், எந்தக் குழி, எத்தனை அடி ஆழம், கூடப் பானை ஓடு வந்ததா என்று கேளுங்கள். அங்கே தென்னம்பிள்ளை வைத்து மூடுவதற்குள் கேட்டுவிடுங்கள்.