பல்லாயிரம் பேர் இணைப்பில் இருந்தும், நீண்ட நேரச் சதுரங்க ஆட்டத்துக்கு மட்டும் எதிராளி கிடைக்கத் தாமதமாவது ஏன்?

மூன்று நிமிட ஆட்டத்துக்குப் பொத்தானை அழுத்தியதுமே ஆள் கிடைத்துவிடுவதாகவும், 30+20 ஆட்டத்துக்கு (ஒருவருக்கு 30 நிமிடம், ஒவ்வொரு நகர்த்தலுக்கும் கூடுதலாக 20 நொடி) காத்துக் காத்துச் சலித்துப்போவதாகவும் கேட்டிருக்கிறீர்கள். நான் பெரும்பாலும் லிச்செஸ் என்ற இணையச் சதுரங்கத் தளத்தில் நீண்ட ஆட்டங்களையே ஆடுபவன் என்பதால், அதை வைத்தே பதில் சொல்கிறேன்.

இணைப்பில் இருப்போர் என்று திரையில் காட்டப்படும் பெரிய எண்ணை நம்பிப் பயனில்லை. அவர்களில் பலர் ஏற்கெனவே ஆடிக்கொண்டிருப்பார்கள். மற்றவர்கள் புதிர் போட்டுக்கொண்டோ பிறர் ஆட்டத்தை வேடிக்கை பார்த்துக்கொண்டோ இருப்பார்கள். உங்களுக்குத் தேவையானவர், நீங்கள் வரிசையில் நிற்கும் அதே நேரத்தில், அதே நேரக் கட்டுப்பாட்டைத் தேர்ந்தெடுத்து, ஏறத்தாழ உங்கள் ரேட்டிங்கில் (ஆட்டத்திறனைக் குறிக்கும் எண்) வந்து நிற்கும் ஒருவர் மட்டுமே.

இதில் பலர் கவனிக்கத் தவறுவது, ஆடுபவர் எவ்வளவு விரைவில் மீண்டும் வரிசைக்கு வருகிறார் என்பதை. 3+0 ஆட்டம் எவ்வளவு இழுத்தாலும் 6 நிமிடத்தில் முடிந்துவிடும். 30+20 அப்படியல்ல. ஓர் ஆட்டத்தின் நீளத்தை மதிப்பிட லிச்செஸ் 40 நகர்த்தல்கள் என்று வைத்துக்கொள்கிறது. அந்தக் கணக்கில் ஒருவருக்கு 30 நிமிடமும் அதோடு 800 நொடியும் சேர்ந்து 43 நிமிடத்தைத் தாண்டும், இருவருக்குமாக ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். இரண்டு பிரிவிலும் நூறு நூறு பேர் ஓயாமல் ஆடுவதாகவும், எல்லா ஆட்டங்களும் முழு நேரத்தையும் எடுத்துக்கொள்வதாகவும் வைத்துக்கொண்டால், முதல் பிரிவில் நிமிடத்துக்குப் பதினாறு பதினேழு பேர் வரிசைக்குத் திரும்புவார்கள். இரண்டாவதில் ஒருவர் வந்தால் பெரிது. ஒன்றரை மணி நேரம் மூளையைக் கசக்கியவர் உடனே அடுத்த ஆட்டத்துக்கு வருவதும் அரிது. அதாவது, கூட்டம் சமமாகவே இருந்தாலும் காத்திருப்பு சமமாக இருக்காது.

இதன்மேல் ரேட்டிங் வந்து அந்தச் சிறு கூட்டத்தையும் பிரிக்கிறது. ஆர்பட் எலோ வகுத்து, உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான பிடே 1970-இல் ஏற்றுக்கொண்ட கணக்கின்படி, 200 புள்ளி வித்தியாசம் இருந்தால் ஆட்டங்களின் வெற்றிப் புள்ளிகளில் வலுவானவர் எதிர்பார்க்கக்கூடியது சுமார் 76 விழுக்காடு. 400 என்றால் 91. ஆட்டம் இப்படி ஒருபக்கமாகிவிடக் கூடாது என்றால் ரேட்டிங் நெருங்கியவரையே தேட வேண்டும். லிச்செஸ் பயன்படுத்துவது மார்க் கிளிக்மன் உருவாக்கிய கிளிக்கோ-2. அது ரேட்டிங்கோடு, அந்த ரேட்டிங்கை எவ்வளவு நம்பலாம் என்பதையும் சேர்த்தே கணக்கில் வைக்கிறது. புதியவர்களின் எண்ணுக்குப் பக்கத்தில் கேள்விக்குறி நிற்பது அதனால்தான்.

வந்தவரை வந்தவரோடு உடனே கோத்துவிட்டால் என்ன என்று தோன்றலாம். 1500, 1700, 1510, 1690 என்ற ரேட்டிங் உள்ள நால்வர் இந்த வரிசையில், சில நொடி இடைவெளியில் வருவதாகக் கொள்ளுங்கள். உடனுக்குடன் கோத்தால் 1500-க்கு 1700, 1510-க்கு 1690 என்று இரண்டு ஆட்டங்களும் ஒருபக்கமாகச் சாய்ந்துவிடும். சில நொடி பொறுத்து நால்வரையும் ஒன்றாகப் பார்த்தால் இரண்டு ஜோடிகளிலும் வித்தியாசம் வெறும் 10. லிச்செஸின் விரைவு இணைப்பு இப்படி ஆட்களைச் சேர்த்துக்கொண்டு அலை அலையாகத்தான் ஜோடி சேர்க்கிறது. ஓர் அலையில் ஜோடி கிடைக்காதவருக்கு அடுத்த அலையில் சற்றுப் பெரிய வித்தியாசமும் ஏற்றுக்கொள்ளப்படும். பொறுமையிழந்து ரத்து செய்துவிட்டு மீண்டும் அழுத்துபவர், அதுவரை காத்திருந்ததற்கான இந்தச் சலுகையை இழக்கிறார். (தோற்கும் நிலையில் நகர்த்தாமல் கடிகாரத்தை ஓடவிடும் பழக்கமுள்ளவர்கள் ஒருவருக்கொருவர் எதிராளியாகக் கிடைக்கும்படியும் அதில் ஓர் ஏற்பாடு உண்டு. எனக்கு மிகவும் பிடித்த நீதி அது.)

ஒன்றுக்கு ஒன்று ஆட்டங்களில் சதுரங்கம் உண்மையில் கொடுத்துவைத்தது. டெக்கன் 8, ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 போன்ற சண்டை ஆட்டங்கள் நொடிக்கு 60 பிரேம் (திரைக் காட்சி) வேகத்தில் ஓடுகின்றன. ஒரு பிரேம் என்பது சுமார் 16.7 மில்லி நொடி. அங்கே தொலைதூர எதிராளியோடு ஆடினால் அடி விழும் தருணமே பிசகிவிடும் என்பதால், பக்கத்துப் பகுதி ஆட்களைக் கொண்டே வரிசையை நிரப்ப வேண்டியிருக்கிறது. சதுரங்கத்துக்கோ உலகம் முழுவதும் ஒரே வரிசை.

ஆகவே 30+20 வேண்டும் என்றால், ஐரோப்பாவின் மாலை நேரமான நம் இரவு பதினொரு மணியை ஒட்டி முயன்று பாருங்கள். ரேட்டிங் எல்லையை நீங்களே குறிக்கும் தனி அழைப்பாக இருந்தால், 50 புள்ளிக்குள் என்று குறுக்கிக்கொள்ளாதீர்கள். சற்று இறங்கிவர மனமிருந்தால் 15+10 நல்ல இடைவழி. வரிசையே வேண்டாம் என்பவருக்கு லிச்செஸ்4545 போன்ற லீக்குகள் இருக்கின்றன: 45+45 ஆட்டம், வாரத்துக்கு ஒன்று, எதிராளி யார் என்பது முன்பே தெரிந்துவிடும், நேரத்தை இருவரும் பேசி முடிவு செய்துகொள்ளலாம். நீண்ட ஆட்டங்களுக்கு நான் இப்போது பெரிதும் நம்புவது அந்த வழியைத்தான்.