குழந்தைக்கு டஸ்ட் மைட் அலர்ஜி என்கிறார் டாக்டர். வீட்டை எப்படி வைத்துக்கொள்வது?

தினமும் இரண்டு வேளை கூட்டித் துடைத்தும் ஆறு வயது மகளுக்குக் காலைத் தும்மல் நிற்கவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டு வேளை துடைக்கிறீர்கள் என்றாலே தெரிகிறது, "வீட்டைச் சுத்தமா வெச்சிருந்தா ஏன் இப்படி வருது" என்று யாரோ உங்களைக் குத்திக்கொண்டிருக்கிறார்கள். காதில் வாங்காதீர்கள். டஸ்ட் மைட் என்பது வீட்டுத் தூசியில் வாழும் நுண்ணிய பூச்சி, அதற்குத் தரையை விட மெத்தைதான் சொந்த வீடு.

நான் டாக்டர் இல்லை. ஒன்பது வயதுப் பையனுக்கு அப்பா, இருப்பது வேளச்சேரி, அவ்வளவுதான் தகுதி.

என் பையனுக்கு மூன்று வயதில் தொடங்கியது. விடியற்காலை ஐந்து மணிக்குப் படுக்கையிலேயே வரிசையாகப் பதினைந்து தும்மல். உள்ளங்கையால் மூக்கை மேல்நோக்கித் தேய்த்துத் தேய்த்து, மூக்கின் குறுக்கே ஒரு கோடே விழுந்துவிட்டது. சளி என்று நினைத்தோம். வாழைப்பழம் கட், தயிர் கட், ஐஸ்கிரீம் கேட்கவே வேண்டாம். துளசி, கற்பூரவல்லி, இடையிடையே ஆன்டிபயாட்டிக். ஒரு தடவை கூடக் காய்ச்சல் இல்லை, மூக்கில் வருவது வெறும் தண்ணீர். அதைப் பார்த்தாவது எங்களுக்குப் புரிந்திருக்க வேண்டும். இரண்டு வருடம் அந்தப் பிள்ளை தயிர்சாதம் இல்லாமல் இருந்தான்.

அப்புறம்தான் அலர்ஜி டாக்டர். எதற்கு அலர்ஜி என்று தோலில் பார்க்கும் டெஸ்டைச் செய்யாமல் முதல் தடவை திருப்பி அனுப்பிவிட்டார்கள், செட்ரிசின் என்ற அலர்ஜி மாத்திரை கொடுத்திருந்தோம் என்பதால். டெஸ்டுக்குச் சில நாள் முன்பே அந்த வகை மாத்திரையை நிறுத்த வேண்டுமாம், எத்தனை நாள் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். அடுத்த முறை முன்கையில் பேனாவால் எண் போட்டு, சொட்டு வைத்து, லேசாகக் குத்தினார்கள். கால் மணி நேரத்தில் இரண்டு இடம் கொசு கடித்த மாதிரி தடித்தது. ஒன்று, டெஸ்ட் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க வைக்கும், எல்லோருக்கும் தடிக்க வேண்டிய சொட்டு. இன்னொன்று டஸ்ட் மைட். பூனை, கரப்பான் எல்லாம் சுத்தம்.

"எதில் படுக்கிறான்?" என்று கேட்டார் டாக்டர். நான் பெருமையாகச் சொன்னேன், "இலவம் பஞ்சு மெத்தை சார், எங்க அப்பா போடியிலிருந்து கொண்டு வந்தது."

பேரன் பிறந்ததும், தோட்டத்து மரத்துக் காயை உடைத்து, கொட்டை எடுத்து, அப்பாவே கூட உட்கார்ந்து தைக்க வைத்த மெத்தை அது. ஐந்து வருடத்தில் மேல்விரிப்பை மாற்றியிருக்கிறோமே தவிர மெத்தையை ஒன்றுமே செய்ததில்லை. இந்தப் பூச்சி கண்ணுக்குத் தெரியாது, நீளம் அரை மில்லிமீட்டர் கூடக் கிடையாது. நம் உடம்பிலிருந்து உதிரும் தோல் துகள்தான் சாப்பாடு. தண்ணீர் குடிக்காது, காற்றில் இருக்கும் ஈரத்தை உடம்பால் இழுத்துக்கொள்ளும். சென்னையில் அதற்கு என்ன குறை? அலர்ஜி தருவது பெரும்பாலும் அதன் எச்சம். அதனால் பூச்சியைக் கொன்றால் மட்டும் போதாது, எச்சத்தை அலச வேண்டும், இல்லையென்றால் உறை போட்டு உள்ளேயே அடைக்க வேண்டும்.

உடனே "மெத்தை கம்பெனி ஏஜென்ட்" என்று கமெண்ட் போட வராதீர்கள். ஃபோம் மெத்தையிலும் இது வரும். நான் இலவம் பஞ்சுக்கு எதிரி இல்லை, அதில் படுத்து வளர்ந்தவன். அதைத்தான் அப்பாவும் போனில் கேட்டார்: "நீ எதுல படுத்துடா வளர்ந்த? உனக்கு வந்துச்சா?" பதில் சொல்லத் தெரியவில்லை. ஒரு மாதம் என்னோடு சரியாகப் பேசவில்லை.

வீட்டில் செய்தது இதுதான். மெத்தைக்கும் தலையணைக்கும் முழுசாக மூடும் ஜிப் வைத்த மைட் உறை. சாதாரண பிளாஸ்டிக் உறை முதலில் வாங்கினோம், பையன் வியர்த்து நனைந்தான். விரிப்பும் போர்வையும் வாரம் ஒருமுறை 60 டிகிரி வெந்நீரில். எங்கள் மெஷினில் ஹீட்டர் இல்லாததால் அண்டாவில் கொதிக்க வைத்து ஊற்றுகிறோம். பொம்மைகளில் ஒரு கரடி மட்டும் மிஞ்சியது. அது மாதம் ஒருமுறை பாலிதீன் பையில் ஒரு நாள் முழுக்க ஃப்ரீசரில் இருந்துவிட்டு, பிறகு துவைக்கப்படும். "அதுக்குக் குளிராதா?" என்று இன்னும் கேட்கிறான். பெருக்குவதற்குப் பதில் ஈரத்துணி, படுக்கையை உதறும்போது பிள்ளை அந்த அறையில் இருக்கக் கூடாது. ஏர் பியூரிஃபையர் வாங்கியது தண்டம். அந்த எச்சம் கனம், காற்றில் மிதந்துகொண்டே இருக்காது, உதறினால் எழும்பிச் சீக்கிரமே படிந்துவிடும். வாங்கிப் பலன் கண்டவர்கள் இருந்தால் சந்தோஷம், என்னிடம் சண்டைக்கு வர வேண்டாம்.

வெயிலில் போடலாமே என்பீர்கள். ஈரம் போகும், நல்லதுதான். ஆனால் எங்கள் அபார்ட்மென்டில் மொட்டை மாடியில் மெத்தை, பாய், வடகம் எதுவும் காயப்போடக் கூடாது. "எலிவேஷன் கெட்டுப்போகிறது", அதாவது கட்டிடத்தின் வெளித்தோற்றம் கெடுகிறது என்று நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். மாதம் மூவாயிரத்து ஐந்நூறு மெயின்டனன்ஸ் வாங்கிக்கொண்டு, லிஃப்ட் பாதி நாள் ஓடாது, சம்ப் கழுவி எத்தனை மாதமோ. டாக்டர் சீட்டைக் காட்டியும் "ரூல் எல்லாருக்கும் ஒண்ணுதான் சார்" என்றார் செயலாளர். அவர் வீட்டுக் கல்யாணத்துக்கு அதே மாடியில் ஷாமியானா போட்டார்கள், அப்போது எலிவேஷன் எங்கே போனதோ.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இதனால் எல்லாம் தும்மல் பூஜ்யம் ஆகவில்லை. பதினைந்து, மூன்று நான்காகக் குறைந்தது. டாக்டர் கொடுத்த மூக்கு ஸ்ப்ரேயும் சேர்ந்துதான் அது. ஸ்ப்ரே அடிக்கும்போது மூக்கின் நடுச்சுவர் பக்கம் நீட்டாமல் வெளிப்பக்கமாகச் சாய்த்து அடியுங்கள், இல்லாவிட்டால் ரத்தம் வரும். எங்களுக்கு வந்தது. ராத்திரி இருமலோ நெஞ்சில் விசில் மாதிரி சத்தமோ இருந்தால் வீட்டு வைத்தியத்தில் நாளைக் கடத்தாமல் டாக்டரிடம் போய்விடுங்கள். இன்ஹேலர் என்றதும் பயப்படவும் வேண்டாம்.

அப்பாவின் மெத்தை பரணில் இருக்கிறது. தூக்கிப் போட மனசு வரவில்லை, மாடியில் ஒரு வெயில் காட்டவும் வழியில்லை. செயலாளர் இதைப் படித்தால் படிக்கட்டும்.